பம்ப் ரூமில் மின் பேனலைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும்?

உங்கள் அடுக்ககத்தில் புதிதாக இரண்டு பிரஷர் பம்ப் வைக்க இடம் போதவில்லை. சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி நிற்கும் பேனலை ஓர் அடி பின்னுக்கு நகர்த்திவிடலாம் என்கிறார் பிளம்பர். இதுதானே கேள்வி?

நகர்த்தாதீர்கள். பின்னால் ஒன்றரை அடிதான் (சுமார் 45 செ.மீ.) மிஞ்சும். இருப்பதிலேயே மோசமான இடைவெளி அது.

1956 இந்திய மின்சார விதிகளில் 51ஆவது விதி இதைப் பற்றியது. அதன் பிறகு 2010இலும் 2023இலும் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் அதே அளவுகள்தான். சுவிட்ச்போர்டுக்கு, அதாவது பேனலுக்கு, முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலி இடம் வேண்டும். பின்பக்கம் ஏதாவது பாகங்களோ உறையில்லாத இணைப்புகளோ இருந்தால், பின்னால் உள்ள இடம் 20 செ.மீ.க்குக் குறைவாகவோ 75 செ.மீ.க்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். அளக்கும்போது பேனலின் தகட்டை அல்ல, பின்னால் அதிகமாகத் துருத்தி நிற்கும் பாகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 75ஐத் தாண்டினால் போய்வர 1.8 மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாத வழியும் தேவை.

அதென்ன 20 அல்லது 75, நடுவில் இருந்தால் என்ன என்று நானும் பயிற்சிக் காலத்தில் சிரித்திருக்கிறேன். அப்புறம் ஒரு மோட்டார் ரூமில், ஒன்றரை அடி சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து கேபிள் லக்கை (கேபிள் முனையில் இருக்கும் உலோக இணைப்பை) முறுக்கப் போனேன். மெயினை ஆஃப் செய்தாயிற்று என்ற தைரியம். மெயின் சுவிட்சே அந்தப் பேனலுக்குள்தான் இருந்தது. அதற்குள் வரும் கேபிளில் 415 வோல்ட் அப்படியே இருந்தது. ஸ்குரூடிரைவர் நழுவி அதில் விழுந்ததும் பளீரென்று ஒரு தீப்பொறி. கையை இழுக்கப் பார்த்தால் முழங்கை சுவரில் இடிக்கிறது. பின்வாங்க ஓர் அங்குலம் இல்லை. முன்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. 20 செ.மீ. என்றால் ஆள் நுழைய மாட்டான், 75 என்றால் நுழைந்தவன் வெளியே வந்துவிடுவான். நான் நின்றது நடுவில்.

சரி, உங்களுக்கு என்ன வழி? எல்லா வேலையும் முன்பக்கமாகவே செய்யும்படி பேனலை மாற்றிக் கட்டி, சுவரோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். செலவாகும், ஆனால் பம்புக்கும் இடம் கிடைக்கும். முன்னால் விடும் 1 மீட்டரில் வாட்ச்மேன் ஏணி, பெயின்ட் டின், பிளீச்சிங் பவுடர் மூட்டை எதுவும் வரக் கூடாது. பிளீச்சிங் பவுடரை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். அதன் நெடி செம்பு இணைப்புகளை அரித்துவிடும்.

இன்னொன்று, பம்பிலிருந்து மேலே போகும் பைப்பைப் பேனலின் தலைக்கு மேல் கொண்டுபோக விடாதீர்கள். அமெரிக்க மின் விதியில் பேனலுக்கு மேலே 6 அடிக்குத் தண்ணீர்க் குழாயே வரக் கூடாது. நம் பிளம்பர்களுக்கு அதுதான் எப்போதும் கிட்டத்து வழி.