உடைந்த தூண்டில் ராடுக்கு ஒட்டுப்போட எந்தப் பழைய பொருள் உதவும்?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். கொடுவா, செப்பிலி மீன்களுக்காக வைத்திருந்த எட்டடி கார்பன் ராடு, இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற வகை. பைக்கில் கொண்டுபோகும்போது மேல்துண்டு நடுவில் முறிந்துவிட்டது. நுனி வளையமும் எங்கோ விழுந்துவிட்டது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். உள்ளே சைக்கிள் ஸ்போக்கை விட்டு ஒட்டிவிடலாம் என்கிறார் நண்பர். பழைய இரும்புக் கடையில் தேடினால் இதைச் சரிசெய்யப் பொருள் கிடைக்குமா?

பதில்: சரிசெய்யலாம். ஸ்போக் மட்டும் வேண்டாம். முறிந்த இடம் என்றதும் எல்லோரும் உறுதியான பொருளைத்தான் தேடுகிறார்கள். தேட வேண்டியது வளைகிற பொருளை. மீன் இழுக்கும்போது ராடு முழு நீளத்துக்கும் வளைந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. நடுவில் ஒரு சாண் மட்டும் விறைப்பாக நின்றால், அந்த விறைப்பு முடிகிற இடத்தில் வளைவு முழுவதும் குவியும். பழைய முறிவுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாக ஒடியும். ஸ்போக், ஆணி, கெட்டிக் கம்பி எல்லாமே இதைத்தான் செய்யும். அலுமினியக் குழாயும் ஆகாது. கடல் உப்பு படும் இடத்தில் கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும்.

உடைந்த ராடுக்கு மிகச் சரியான ஒட்டு, இன்னொரு உடைந்த ராடுதான். அதுவும் உள்ளே கூடு, அதுவும் அடி பருத்து நுனி சிறுத்தது, சுவரும் ஏறக்குறைய அதே கனம். ஆனால் பழைய இரும்புக் கடையில் இது அபூர்வம். அங்கே இரும்பு, பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக்குக்குத்தான் எடைக்கு விலை. ஃபைபரையும் கார்பனையும் வாங்க மாட்டார்கள். அதனால் பொருள் உடைகிற இடத்துக்கே போய்க் கேளுங்கள். தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் வாடிக்கையாளர் விட்டுப்போன முறிந்த துண்டுகள் மூலையில் கிடக்கும். துறைமுகப் பக்கம் கல்லில் நின்று தூண்டில் போடுகிறவர்களிடம் சொல்லிவைத்தாலும் ஒரு மாதத்தில் நாலைந்து துண்டு சேர்ந்துவிடும். எதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எந்தத் துண்டின் எந்த அங்குலம் நமக்குப் பொருந்தும் என்று முன்கூட்டித் தெரியாது.

பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை இது. முறிந்த இரு முனைகளிலும் விரிசல் ஓடியிருக்கும். நல்ல பகுதி வரும்வரை கத்தரித்துவிடுங்கள். மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக்கொண்டு, மெல்லிய பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் மெதுவாக, ராடைச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். கட்டிங் பிளேயர் வைத்தால் குழாய் நசுங்கி விரிசல் இன்னும் நீளும். ஓரிரு சென்டிமீட்டர் குறைவதால் ராடின் குணம் மாறாது. பிறகு தானத்துக்கு வந்த துண்டை, சிறுத்த முனை முன்னே போகும்படி, உங்கள் மேல்துண்டின் அடிவாய் வழியாக உள்ளே விடுங்கள். அது நழுவிப் போய் ஓரிடத்தில் தானாக இறுகும். அந்த இடத்தில் முறிவுக்கு வெளியே ஆறு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மற்ற ஆறு சென்டிமீட்டர் உள்ளே நிற்கட்டும். நீட்டிய பகுதி நுனித்துண்டுக்குள் ஆட்டமில்லாமல் போக வேண்டும். எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள இடத்துக்கு இந்த அளவு சரி. நுனிப் பக்கம் மெலிந்த இடமென்றால் பக்கத்துக்கு நாலு சென்டிமீட்டர் போதும். கொஞ்சம் தடிப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறக்கலாம். ஆடுகிற துண்டைப் பசையால் நிரப்பிச் சமாளிக்க நினைக்காதீர்கள். வேறு துண்டு தேடுங்கள்.

கார்பன் ராடுக்குள் கண்ணாடி ஃபைபர் துண்டு போடலாமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். தாராளமாகப் போடலாம். எடை சற்றுக் கூடும், அவ்வளவுதான். கார்பன் இழை சுமார் 2 விழுக்காடு நீள்வதற்குள் அறுந்துவிடும். கண்ணாடி இழை 4 விழுக்காட்டைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். கையில் இருப்பது எது என்று அறிய, வெட்டிய முனையை உப்புத்தாளில் தேயுங்கள். கார்பன் கறுப்புத் தூள் விடும், ஃபைபர் வெளுத்த தூள் விடும். மேல் பெயின்டை நம்ப வேண்டாம். கறுப்பு அடித்த ஃபைபர் ராடுகள் ஏராளம்.

ராடுத் துண்டே கிடைக்காவிட்டால் அடுத்து நான் கைகாட்டுவது பேட்மின்டன் பயிற்சி மையங்களை. அங்கே ராக்கெட்டின் தலை உடைந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்; தண்டு முழுசாக இருக்கும். நல்ல ராக்கெட்டின் தண்டு கார்பன் குழாய், சுமார் ஏழு மில்லிமீட்டர் விட்டம். விலை மலிந்த ராக்கெட்டில் இரும்புத் தண்டு இருக்கும், காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். இந்தத் தண்டுக்கு அடி, நுனி என்ற சரிவு கிடையாது என்பதால் ஒரு பக்கத்தைத் தேய்த்துச் சரிவாக்க வேண்டும். நுனிப் பக்க முறிவுக்குக் குடை ரிப்பேர் செய்பவரிடம் போங்கள். இப்போதைய குடைகள் பலவற்றில் ஃபைபர் கம்பிகள்தான். மூன்று மில்லிமீட்டர் வாக்கில் மெலிந்து, உள்ளே கெட்டியாக இருந்தாலும் நன்றாக வளையும்.

ஃபைபர் படகு கட்டும் பட்டறையிலும் ஒரு பொருள் கிடைக்கும். படகுக்குப் பாய்போல விரிக்கும் நெய்த கண்ணாடி இழையின் வெட்டுத் துண்டுகள் அவை. நெசவைப் பிரித்து நீள இழைகளை மட்டும் உருவி, முறிவின் மேல் நெடுக்காக ஒரு அடுக்கு பரப்பி, அதன்மேல் நூல் சுற்றினால் நல்ல பலம். பட்டறையில் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசினை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கார்பன் ராடின் பிசின் பெரும்பாலும் எபாக்ஸி. அதன்மேல் அந்த ரெசின் சரியாகப் பிடிக்காது.

பசைக்கு, இரண்டு டியூபையும் கலந்து தடவுகிற அரால்டைட் என்ற எபாக்ஸி பசை போதும். மெதுவாக இறுகுகிற சாதாரண வகையை வாங்குங்கள். ஐந்து நிமிட வகை அவசரத்துக்கு உதவும், ஈரத்தைத் தாங்குவதில் பின்தங்கும். ஒட்டும் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, பசை தடவி மாட்டியதும், ராடின் வளையங்கள் வழியே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இறுகியபின் திருப்ப முடியாது. மறுநாள் முறிவின் மேல் நூல் சுற்றுங்கள், உள்ளே இருக்கும் ஒட்டின் இரு முனைகளையும் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை. இதை யாரும் விட்டுவிடக் கூடாது. குழாய் வளையும்போது வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகி, அப்புறம்தான் பிளக்கிறது. அந்த நசுங்கலைத் தடுப்பது நூல்தான். தையல்கடை பாலியெஸ்டர் நூல் நன்றாகவே உழைக்கும். அதன்மேல் எபாக்ஸி பூசி, கெட்டிப்படும்வரை கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் ஒரு பக்கமாக வழிந்து தொங்கும்.

நுனி வளையத்தையும் உடைந்த ராடுகளிலிருந்தே எடுக்கலாம். வளையத்தோடு சேர்ந்த சின்னக் குழாயை லேசாகச் சூடாக்கி உருவினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் பீங்கான் வட்டத்தில் பஞ்சை இழுத்துப் பாருங்கள். ஒரு இழை சிக்கினாலும் அதில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம். முதல் பெரிய மீனிலேயே தூண்டில் நரம்பை அறுத்துவிடும். நுனியில் மாட்ட அரால்டைட் வேண்டாம், ஸ்டேஷனரி கடை குளூ கன் குச்சியை உருக்கி ஒட்டுங்கள். பின்னாளில் கழற்ற வேண்டி வரும்போது வெந்நீரோ ஹேர் டிரையரோ போதும். நடு வளையங்களை எடுப்பதானால் வளையத்தின் பாதத்தின் மேல் பிளேடை வைத்து நூலை அறுங்கள். அடியில் இரும்பு இருப்பதால் தண்டில் வெட்டு விழாது.

கைப்பிடியைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறை அதற்கு அருமையாகப் பொருந்தும் என்று சொல்லிவைக்கிறேன்.

கார்பனைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, சிலும்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். மொட்டைமாடியில் வீசிப் பார்க்கும்போது மேலே கம்பி போகிறதா என்று பார்க்காமல் ராடைத் தூக்காதீர்கள்.

பூச்சு இறுக இரண்டு நாள் விட்டு, எல்லா வளையங்கள் வழியாகவும் நரம்பைக் கோத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தூக்குங்கள், பிறகு ஒரு லிட்டர். ராடைச் சாய்வாகப் பிடித்தே தூக்க வேண்டும். செங்குத்தாக நிமிர்த்தினால் பாரம் முழுவதும் நுனியில் விழும். யாரையாவது பக்கவாட்டில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். வளைவு ஒரே ஓட்டமாக இருந்தால் கொடுவாவுக்குப் போகலாம். ஒட்டுப் பகுதி நேராக நின்று, அதன் ஓரத்தில் மடிப்புபோலத் தெரிந்தால், சுற்றின் ஓரத்துக்கு அப்பால் இன்னும் நாலு சென்டிமீட்டருக்கு ஒற்றை அடுக்கு நூல் சுற்றி, மெல்லிசாகப் பூசி, மறுபடி தூக்கிப் பாருங்கள். அப்போதும் மடிப்பு தெரிந்தால் உள்ளே போட்ட துண்டு விறைப்பானது. அந்த ராடை முரல், சிறு பாறை மாதிரியான மீன்களுக்கு வைத்துக்கொண்டு, கொடுவாவுக்கு வேறு துண்டு தேட ஆரம்பியுங்கள்.