சாவி உள்ளே, கொலையாளி வெளியே

இங்கிலாந்தின் கிராமத்து மாளிகை. உள்பக்கம் பூட்டிய நூலக அறை. கதவை உடைத்தால் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறார் பிரபு. இந்த வகைத் துப்பறியும் கதைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கதையின் முடிவு வெளிப்படும் ஓரிடத்தில் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறோம்.

கதவு பூட்டியிருக்கிறது, சாவியும் உள்பக்கத் துவாரத்திலேயே இருக்கிறது. அதை வெளியே நின்று திருப்பினான் என்று எழுதுகிறார்களே, அது எப்படி? எங்கள் வீட்டுக் கதவில் நடக்கிற காரியமாக இல்லையே?
– வாசகர், திண்டுக்கல்

திண்டுக்கல்காரருக்குப் பூட்டைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்.

நம் வீட்டு அறைக் கதவில் உள்ளே இருப்பது தாழ்ப்பாள் அல்லது கொண்டி. பூட்டும் சாவியும் வெளிப்பக்கத்து வேலை. விக்டோரியா காலத்து ஆங்கிலேயப் படுக்கையறைக் கதவு வேறு மாதிரி. பூட்டு கதவின் கனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். சாவித் துவாரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போகும். ஒரே சாவியை எந்தப் பக்கமிருந்தும் போட்டுத் திருப்பலாம். உள்ளே சாவி செருகியிருந்தால் அதன் நுனி வெளித் துவாரத்தின் வாய்க்குச் சற்று உள்ளே வந்து நிற்கும். மெல்லிய மூக்குக் குறடால் அந்த நுனியைப் பற்றித் திருப்பினால் பூட்டு விழுந்துவிடும். கதாசிரியர்களின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பழைய ஐரோப்பியத் திருடர்களின் கருவிப் பையில் இதற்கென்றே ஒரு இடுக்கி இருந்தது.

இது சொதப்புகிற இடங்கள் இரண்டு. சாவியின் தண்டு கெட்டியானதாக இருக்க வேண்டும். பீரோச் சாவி போலக் குழாய்த் தண்டு என்றால், அது பூட்டுக்குள் இருக்கும் முளையில் போய் உட்காரும். அந்த வகைப் பூட்டு ஒரு பக்கம் மட்டுமே திறக்கும். குழாய்ச் சாவியை வர்ணித்துவிட்டு, பிறகு குறடால் திருப்பவும் வைத்தால் கதை அங்கேயே படுத்துவிடும். அடுத்தது, குறடின் பல் சாவி நுனியில் கீறல் போடும். பழைய இரும்பில் புதுக் கீறல் பளிச்சென்று தெரியும். நேர்மையான ஆசிரியர் அதை வாசகன் கண்ணில் ஒருமுறையாவது காட்டிவிடுவார்.

தாழ்ப்பாளுக்கு நூல். படுக்கைவாட்டில் நகரும் தாழ்ப்பாளின் பிடியில் நூலை மாட்டி, அதைத் தாழ் நுழையும் பக்கத்து நிலையில் குத்திய குண்டூசியைச் சுற்றிக் கொண்டுவந்து, கதவிடுக்கு வழியாக வெளியே விட வேண்டும். ஊசி இங்கே கப்பியின் வேலையைச் செய்கிறது. அது இல்லாமல் நூல் தாழைக் கதவோடு சேர்த்து அழுத்துமே தவிர, பக்கவாட்டில் நகர்த்தாது. தாழ் விழுந்ததும் நூலை வெடுக்கென்று இழுத்தால் ஊசியும் சேர்ந்து வந்துவிட வேண்டும். வராவிட்டால் அதுவே சாட்சி. வந்தாலும் மரத்தில் துளை மிச்சம். துருவேறிய தாழ்ப்பாள் தையல் நூலுக்கு மசியாது. அதனால்தான், நேற்று யாரோ தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டார்கள் என்று ஒரு வரி வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஐஸ் கட்டியை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான், அது உருகியதும் தாழ் தானே விழுந்தது என்று ஒரு கதையில் படித்தேன். நடக்குமா?
– வாசகி, ஈரோடு

மேலிருந்து கீழே விழுகிற கொண்டிக்கு நடக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தீப்பெட்டி அளவு ஐஸ் ஏறக்குறைய 23 கன சென்டிமீட்டர். உருகினால் 21 மில்லி தண்ணீர். நான்கு தேக்கரண்டிக்கு மேல். அது கதவின் மேல் வழிந்து கம்பளத்தில் இறங்கும். இரண்டு மணி நேரத்தில் கதவை உடைத்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். விடியும்வரை யாரும் வராமல் இருந்து, கணப்பில் தீயும் எரிந்தால் தப்பிக்கலாம். அந்தத் தீயோ உருகும் நேரத்தையும் கெடுத்துவிடும். ஐஸை நம்பிய கொலையாளிக்கு நிமிடக் கணக்கு கிடையாது. உருகும் நேரத்தை வைத்து அலிபி (அப்போது வேறிடத்தில் இருந்தேன் என்ற சாட்சி) கட்டுகிற கதைகளை நாங்கள் நம்புவதில்லை.

ஏன் எப்போதும் கிராமத்து மாளிகை? லண்டன் வாடகை அறைக்குப் பூட்டு கிடையாதா?
– வாசகர், தஞ்சாவூர்

உண்டு. இந்த வகைக்கு முன்னோடியான எட்கர் ஆலன் போவின் 1841-ஆம் ஆண்டுக் கதை நடப்பதே பாரிஸ் மாடி வீட்டில்தான். மாளிகையில் கிடைக்கிற வசதி ஆள் கணக்கு. இரவு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது எண்ணிச் சொல்லக்கூடியது. அதோடு அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. விடியற்காலையில் வேலைக்காரி கணப்பு மூட்ட வருவாள், விருந்துக்கு உடை மாற்ற ஒரு சேகண்டி, சாப்பாட்டுக்கு இன்னொன்று. தலைமை வேலைக்காரரான பட்லர் ராத்திரி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து அடைப்பார். வேலையாட்கள் பகுதிக்கும் எஜமானர் பகுதிக்கும் நடுவே பச்சைக் கம்பளித் துணி அடித்த கதவு. சத்தத்தை அமுக்குவதற்கென்றே வைத்தது. ஒரு அலறல் யார் காதில் விழும், யார் காதில் விழாது என்பதை வீட்டின் அமைப்பே தீர்மானித்துவிடும்.

இந்த வகைக்கு அடியில் ஒரு நிஜக் கொலையும் இருக்கிறது. அன்றைய வில்ட்ஷயரில் ரோட் என்ற ஊருக்கு அருகே, ரோட் ஹில் ஹவுஸ். 1860 ஜூன் 29 இரவு, வழக்கம்போலக் கதவுகளை அடைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். காலையில் நான்கு வயது நிரம்பாத சேவில் கென்ட் படுக்கையில் இல்லை. வரவேற்பறை ஜன்னல் திறந்திருந்தது. தோட்டத்திலிருந்த வேலையாட்கள் கழிப்பிடத்தில் கழுத்து அறுபட்ட உடல் கிடைத்தது. லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜொனாதன் விச்சர், காணாமல் போன ஒரு இரவு உடையை வைத்து, அப்பாவின் முதல் தாரத்து மகளான சிறுவனின் 16 வயது அக்கா கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். நிரூபிக்க முடியவில்லை. கண்ணியமான குடும்பத்துப் பெண்மேல் பழி போட்டான் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. 1865-இல் கான்ஸ்டன்ஸ் தானே வந்து ஒப்புக்கொண்டபோது விச்சரின் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அடைத்த வீடு, உள்ளேயே குற்றவாளி, வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர், துணிமணியில் ஒளிந்திருக்கும் தடயம்: பின்னால் வந்த கதைகளின் எலும்புக்கூடு முழுக்க இதில் கிடக்கிறது.

ரகசியச் சுரங்கப் பாதை என்று முடித்தால் ஏமாற்று வேலைதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் ஆமாம். பாதிரியாரும் கதாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்துக் கட்டளைகளில் இதுவும் ஒன்று: ஒரு ரகசிய அறை அல்லது பாதைக்கு மேல் கூடாது. அந்த ஒன்றும், அப்படி இருக்கக்கூடிய வீடாக இருந்தால்தான். அப்படிப்பட்ட வீடுகள் நிஜமாகவே உண்டு. முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கப் பாதிரிகளை ஒளித்துவைக்கக் கட்டிய மறைவிடங்கள் வூஸ்டர்ஷயரின் ஹார்விங்டன் ஹாலில் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன; படிக்கட்டின் பலகையைத் தூக்கினால் உள்ளே ஓர் ஆள் ஒடுங்கலாம். உங்கள் மாளிகை 1880-இல் நூற்பாலை முதலாளி கட்டியது என்றால் சுரங்கத்துக்கு வேலையில்லை.

புகைபோக்கியையும் கேட்பீர்கள். வழக்கமான புகைவழி 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். அதில் ஏற்றிவிட்டதெல்லாம் சிறு பையன்களை. அந்தக் கொடுமையைச் சட்டம் போட்டு நிறுத்தவே பல பத்தாண்டுகள் ஆயின. வளர்ந்த கொலையாளிக்கு அது வழியாகாது.

கொலையாளி பட்லர்தானா?
– வாசகர், வேலூர்

அரிது. வேலைக்காரரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று துப்பறியும் கதாசிரியர் எஸ்.எஸ். வான் டைன் 1928-லேயே விதி எழுதிவிட்டார். ஏழைமேல் இரக்கம் என்று எண்ண வேண்டாம். அது ரொம்பச் சுலபமான விடை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

கானன் டாயிலின் ‘புள்ளி வார்’ கதையில் வரும் பாம்பு நம் நாட்டுப் பாம்பாமே? அப்படி ஒன்று உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

(1892-இல் வெளிவந்த இந்தக் கதையைப் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுக.)

கிடையாது. கதையில் அதைச் சதுப்பு நில விரியன், இந்தியாவிலேயே கொடிய பாம்பு என்கிறார்கள். அந்தப் பெயரில் இந்தியாவில் பாம்பு இல்லை. கடிபட்டவர் பத்து வினாடியில் இறந்தார் என்பதும் தப்பு. கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் முக்கியமாக ரத்தத்தைக் கெடுப்பது. நல்ல பாம்பின் விஷம் நரம்பைத் தாக்குவது. இரண்டுக்கும் வினாடிகள் போதாது. கொலையாளி அதைக் கிண்ணத்தில் பால் வைத்துப் பழக்கினார் என்பதற்கு மட்டும் நாம் சிரிக்க முடியாது, புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் நாம். பாலூட்டி அல்லாத பாம்புக்குப் பால் உணவில்லை. விசிலடித்துத் திரும்ப அழைப்பதும் சந்தேகம்தான். பாம்புக்கு வெளிக்காது கிடையாது; தரையதிர்வும் தாழ்ந்த ஒலியும்தான் அதற்கு எட்டும்.

இவ்வளவு பிழை இருந்தும் கதை நிற்பதற்குக் காரணம் அறைதான். அழைப்புமணிக் கயிறு மணியோடு சேரவில்லை. காற்றுத் துவாரம் வெளியே திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கிறது. கட்டில் தரையோடு முடுக்கியிருக்கிறது. துவாரத்தில் நுழையும் பாம்பு கயிறு வழியாக, நகர்த்த முடியாத அந்தக் கட்டிலில் இறங்கும். மூன்றும் வாசகன் கண்ணெதிரே. உயிரியலில் கோட்டை விட்டவர் தச்சு வேலையில் ஜெயித்துவிட்டார்.

நானே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பூட்டு தந்திரம் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், சேலம்

பூட்டை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடியுங்கள். ஜான் டிக்ஸன் கார் 1935-இல் எழுதிய நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில் துப்பறிவாளர் கதையை நிறுத்திவிட்டுப் பூட்டிய அறை உத்திகளை வகை பிரித்துப் பாடமே எடுக்கிறார். அந்த வகைகளில் பலவும் நேரத்தில் செய்யும் ஏமாற்று. கதவு பூட்டப்படும் முன்பே கொலை நடந்திருக்கலாம். உள்ளே கேட்ட குரல் போலி. அல்லது கதவை உடைத்த பிறகு நடந்திருக்கலாம். மயக்கத்தில் கிடந்தவரிடம் முதலில் ஓடியவன்தான் கொன்றான்.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் மற்றவர்கள் நினைத்தது, ஐந்து நிமிட இடைவெளியில். இரண்டும் பிரிகிற வரிதான் உங்கள் கதை. பிறகு கதவை உடைக்கும் காட்சியை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். யார் முதலில் நுழைந்தார், யார் உடலிடம் போனார், யார் ஜன்னலைப் பார்த்தார், சாவியைக் கண்டதாகச் சொன்னவர் யார்? கதவை உடைத்தால் பெரும்பாலும் பூட்டு உடையாது. நிலையில் தாழ் நுழையும் தகடு ஆணியோடு பெயரும். தகடும் பெயராமல் பூட்டும் சேதமாகாமல் இருந்தால் கதவு பூட்டியிருக்கவே இல்லை, ஆப்பு வைத்து இறுக்கியிருந்தது என்று அர்த்தம். இதை யாரும் கவனிக்காதபடி நடுவில் செருகலாம்.

முக்கியமாக, ஏன் பூட்டினான்? தற்கொலையாகக் காட்ட என்றால் சரி. ஆனால் முதுகில் கத்தி இருக்கக் கூடாது. இதற்கு விடை இல்லாத கையெழுத்துப் பிரதிகள்தான் அதிகம்.

ஒரு வழி சொல்கிறோம்: பூட்டியவர் இறந்தவரே. 1898 செப்டம்பரில் ஜெனீவாவில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை ஒருவன் கூராக்கிய அரத்தால் நெஞ்சில் குத்தினான். இறுக்கமான உள்ளாடை ரத்தத்தை அடக்கிவைத்தது. குத்துப்பட்டதே தெரியாமல் அவர் எழுந்து நடந்து கப்பலேறிய பிறகுதான் சரிந்தார். அவ்வளவு தூரம் நடந்தவரால் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ள முடியாதா?

நூலகத்தில் சைலன்ஸர் மாட்டிய ரிவால்வரால் சுட்டதாக எழுதலாமா?
– வாசகர், சிவகாசி

வேண்டாம். சாதாரண ரிவால்வரின் உருளைக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி உண்டு. சத்தமும் வாயுவும் அதன் வழியாகவும் வெளியேறும். முனையில் எதை மாட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. பிஸ்டலாக மாற்றுங்கள். ஆனால் அது தோட்டா உறையை வெளியே துப்பும். உறை எந்த நாற்காலிக்கு அடியில் உருண்டது என்பதையும் எழுதிவிடுங்கள்.