தீவனத்தில் பூஞ்சணம்: வழக்கா, சமாதானமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நாலு கறவை மாடு வைத்துப் பிழைக்கிறேன். பொள்ளாச்சிக் கடையில் வாங்கிய கலப்புத் தீவனத்தில் கட்டிகட்டியாகப் பூஞ்சணம். இரண்டு வாரத்தில் ஒரு மாடு செத்தது, புதைத்துவிட்டோம். மற்றவற்றுக்குப் பால் குறைந்துவிட்டது. "உன் கொட்டகை ஈரத்தில்தான் பூத்தது" என்று கடைக்காரர் எல்லார் முன்னாலும் ஏசினார். இப்போது மூட்டை விலையோடு 20,000 ரூபாய் தருகிறாராம். வழக்குப் போடட்டுமா? பிரிக்காத மூட்டை மூன்று இருக்கிறது.

பதில்: அவர் ஏசியதை மனுவில் எழுத வேண்டாம், அதற்குக் காசு கிடையாது. சொந்தப் பிழைப்புக்கு மாடு வளர்ப்பதால் நீங்கள் நுகர்வோர்தான். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் உங்கள் மாவட்டமான பாலக்காட்டிலேயே வழக்குப் போடலாம். ஆனால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றே: பூஞ்சண நஞ்சு சேர்ந்தது விற்பதற்கு முன்பா, பின்பா?

இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். பிரித்த மூட்டையில் ஒரு கை அள்ளி, கவரில் கட்டித் தனியார் ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். அஃப்ளாடாக்சின் பி1 என்ற அந்தப் பூஞ்சண நஞ்சு, வரம்பான கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கும். ஜெயித்த மாதிரிதான் திரும்பி வருவார்கள். 'கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்' என்று அறிக்கையின் அடியில் இருக்கும் ஒரு வரியைப் படித்துக் காட்டிவிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிடுவார். நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகவும் இருக்காது. ஒரு கட்டியில் குவிந்திருக்கும், பக்கத்தில் இருக்கவே இருக்காது. பச்சையாகப் பூத்த போட்டோவும் நஞ்சை நிரூபிக்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி ஆணையமே மாதிரி வாங்கி, சீல் வைத்து அனுப்ப வேண்டும். அதற்குத் தையல் பிரியாத அந்த மூன்று மூட்டைதான் உங்கள் வழக்கு. பலகைமேல், ஈரம் படாமல் வையுங்கள். பேட்ச் எண்ணும் தையலும் தெரியப் படம் எடுங்கள்.

இன்னொன்று. பூஞ்சணம் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் போட்டீர்களா? குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பாலை எங்கே ஊற்றினீர்கள் என்பது அடுத்தது. தீவனத்து நஞ்சு ஒரு நாளுக்குள் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வேறு வடிவ நஞ்சாகப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. மறைக்கச் சொல்லவில்லை; இன்றே தீவனத்தை நிறுத்துங்கள், சொசைட்டியிலும் சொல்லிவிடுங்கள்.

செத்த மாட்டுக்குப் பிரேதப் பரிசோதனை இல்லை. அதன் விலையைக் கேட்டு வருடக்கணக்கில் அலைவதைவிடச் சமாதானமாகப் போங்கள். சொசைட்டிப் பால் கணக்கைக் காட்டி, குறைந்த பாலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது, பேரத்தில் அவசரப்பட வேண்டாம். கம்பெனி ஆள் வந்து, "டெஸ்டுக்கு அனுப்பறோம்" என்று மூன்றையும் வண்டியில் ஏற்றப் பார்ப்பார். பணம் பேங்கில் ஏறாமல் ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது.