பி ஃபார்ம் இல்லாத தலைமை

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல் பற்றிய கட்டுரையில், 'அங்கே வேட்பாளரை மக்களே பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்சித் தலைமைக்கு அதில் வேலையில்லை' என்று எழுதியிருந்தீர்கள். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன், டெக்சஸ் 7-ஆவது தொகுதி. 2018-இல் எங்கள் பிரைமரியில் ஜனநாயகக் கட்சியின் வாஷிங்டன் குழுவே தன் கட்சிக்காரர் ஒருவரைத் தாக்கி அறிக்கை விட்டது. எனக்கு நம்மூர்த் தலைமைக் கழகம்தான் ஞாபகம் வந்தது. அங்கே சீட்டு, இங்கே நோட்டு. என்ன பெரிய வித்தியாசம்?

எஸ்., ஹூஸ்டன்

அன்புள்ள எஸ்.,

நான் எழுதியது தப்பு. 'வேலையில்லை' என்ற இடத்தில் 'அதிகாரமில்லை' என்று எழுதியிருக்க வேண்டும்.

நம்மூரில் வேட்புமனுவின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் 'இவர்தான் எங்கள் வேட்பாளர்' என்று கட்சித் தலைமை தரும் பி ஃபார்ம் தேர்தல் அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு தாள் வராவிட்டால் முப்பது வருஷம் கொடி பிடித்தவரும் சுயேச்சைதான். அமெரிக்காவில் அப்படி ஒரு தாளே கிடையாது. மாநிலச் சட்டப்படி கட்டணமோ கையெழுத்தோ கொடுத்தால் யாரும் பிரைமரியில் நிற்கலாம், ஜெயித்தால் கட்சியின் பெயர் அவருக்கு. தலைவர்கள் அறைக்குள் உட்கார்ந்து ஆளை முடிவு செய்த காலத்தை ஒழிக்கத்தான் விஸ்கான்சினில் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் மல்லுக்கட்டினார், 1904-இல் மக்கள் வாக்கெடுப்பில் அங்கே பிரைமரிச் சட்டம் நிறைவேறியது. தலைமையிடம் இன்று மிச்சமிருப்பது பணம், ஆள் தொடர்பு, வாய்.

உங்கள் தொகுதியில் பார்த்தது அந்த வாயை. அரசியல் வட்டாரத்தில் 'டி-டிரிப்' என்று அழைக்கும் அந்தக் குழுவுக்கு ஒரே வேலை, பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பிடிப்பது. 1966-இல் மூத்த ஜார்ஜ் புஷ் ஜெயித்ததிலிருந்து உங்கள் தொகுதி குடியரசுக் கட்சியிடம்தான் இருந்தது. 2016 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் அங்கே மயிரிழையில் முந்தியதும் இவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அவர்கள் தாக்கிய லாரா மோசர் நவம்பர் பொதுத்தேர்தலில் தேற மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 2014-இல் அவர் ஒரு பத்திரிகையில், டெக்சஸில் உள்ள பாரிஸ் என்ற ஊரில் குடியிருப்பதைவிட மயக்க மருந்தில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வேன் என்கிற மாதிரி வேடிக்கையாக எழுதியிருந்தார். பாரிஸ், மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் அவருடைய தாத்தா பாட்டி வீடு இருந்த சின்ன ஊர். குழுவின் அறிக்கையில் அது டெக்சஸ் மேலேயே வெறுப்பு என்று ஆகிவிட்டது. சென்னையில் நிற்கிறவர் 'தாத்தா ஊரில் போய் என்னால் இருக்க முடியாதப்பா' என்றதைத் தமிழ்நாட்டையே பழித்தார் என்று போஸ்டர் ஒட்டுவது மாதிரி.

நடந்தது உங்களுக்கே தெரியும். மோசருக்கு நன்கொடை குவிந்தது, 7 பேரில் இரண்டாவதாக வந்து மே மாத மறுசுற்றுக்குப் போனார். அங்கே லிஸ்ஸி ஃபிளெச்சரிடம் சுமார் 67-க்கு 33 சதவீதம் என்று தோற்றார். நவம்பரில் ஃபிளெச்சர், பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ஜான் கல்பர்சனைத் தோற்கடித்து சபைக்குப் போனார். ஆக, குழு விரும்பிய முடிவுதான். ஆனால் அறிக்கையால் கிடைத்த முடிவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது மோசரைத் தூக்கித்தான் விட்டது.

இதில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டே சூடு பட்டவர். 1936-இல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்ற மனிதர். 1938 ஆகஸ்ட்டில் ஜார்ஜியாவின் பார்ன்ஸ்வில் ஊருக்கு மின்திட்ட விழாவுக்குப் போனார். அதே மேடையில் செனட்டர் வால்டர் ஜார்ஜ் உட்கார்ந்திருக்கிறார், சொந்தக் கட்சிக்காரர், புதிய திட்டங்களுக்கு முட்டுக்கட்டை. அவரை நண்பர் என்று அழைத்துக்கொண்டே, பிரைமரியில் அவருக்குப் போடாதீர்கள் என்று பேசினார் அதிபர். ஜார்ஜ் எழுந்து கைகுலுக்கி, சவாலை ஏற்கிறேன் என்றார். ஜெயித்தும் காட்டினார். நம்மூரில் அந்தக் கைகுலுக்கலோடு அவர் கதை முடிந்திருக்கும்.

நீங்கள் 'நோட்டு' என்றீர்களே, அது சரி. 2018-இல் நியூயார்க்கில் புதுமுகம் ஒக்காசியோ-கோர்ட்டெஸ், பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் பெரிய தலை ஜோ கிரௌலியைப் பிரைமரியில் வீழ்த்தினார். மறு வருஷமே டி-டிரிப் ஒரு விதி போட்டது: பதவியில் இருக்கும் நம் உறுப்பினரை எதிர்த்து நிற்பவருக்குக் கருத்துக்கணிப்பு எடுத்தாலோ, துண்டறிக்கை தயாரித்தாலோ, எங்களிடமிருந்து வேலை கிடையாது. மேடையில் திட்டுவதைவிட இது ஆழமாக வெட்டும். அச்சடிக்கிறவர் பிழைப்பைப் பார்ப்பாரா, புதுமுகத்தைப் பார்ப்பாரா? எதிர்ப்பு வலுத்து 2021-இல் விலக்கிக்கொண்டார்கள்.

எனக்கு ஜீரணிக்கவே முடியாதது மிச்சிகன் 3-ஆவது தொகுதி. அங்கே 2022-இல் இவர்கள் கை வைத்தது அடுத்த கட்சியின் பிரைமரியில். டிரம்ப்பைப் பதவி நீக்க வாக்களித்த 10 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவர் பீட்டர் மெய்யர். அவரை எதிர்த்த ஜான் கிப்ஸைப் பற்றி டி-டிரிப் சுமார் 4,25,000 டாலர் செலவில் விளம்பரம் போட்டது. கிப்ஸ் டிரம்ப்பின் ஆள், மிஞ்சிய பழமைவாதி என்று திட்டுகிற தோரணை. குடியரசுக் கட்சி வாக்காளர் காதில் அது சிபாரிசு. மெய்யர் தோற்றார், நவம்பரில் கிப்ஸும் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஸ்கோல்டனிடம் தோற்றார். ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டே அந்த ஆபத்துக்கு ஏணி பிடித்தவர்களை நான் புத்திசாலிகள் என்று பாராட்டத் தயாரில்லை.

அப்புறம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மோசர் பற்றிய அறிக்கை வெளியான பிப்ரவரி 22, முன்கூட்டிய வாக்குப்பதிவின் மூன்றாம் நாள். அதற்குள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த உங்கள் தெருக்காரர்கள் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.