திராட்சையில் சாறு குடிக்கும் கிளி: பொந்தை அடைக்கலாமா?

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரை ஒட்டிய ஸ்வான் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கரில் திராட்சையும் கொஞ்சம் அத்தியும் வைத்திருக்கிறேன். பூர்வீகம் கம்பம். ஜனவரியில் பழம் நிறம் மாறும்போது வண்ணவண்ணமான கிளிகள் கூட்டமாக இறங்கி, பழத்தைக் கடித்துச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைப் போட்டுவிட்டுப் போகின்றன. வேலியோரத்தில் மரி என்ற யூகலிப்டஸ் வகை மரம் ஒன்று நிற்கிறது, அதன் பொந்தில் ஒரு ஜோடி போய் வருகிறது. அந்தப் பொந்தை அடைத்துவிடலாமா? துப்பாக்கியால் சுடலாமா? வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறார்கள். குஞ்சு எடுத்து வளர்க்கவும் கேட்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன் ஐயா.

பதில்: வணக்கம். படத்தில் இருப்பது ரெயின்போ லோரிகீட். தலை ஊதா கலந்த நீலம், பிடரியில் இளம்பச்சைப் பட்டை, நெஞ்சு ஆரஞ்சும் சிவப்புமாக, வயிறு கருநீலம், முதுகும் வாலும் பச்சை. பறக்கும்போது இறக்கையின் அடியில் ஒரு மஞ்சள் பட்டை தெரியும். அலகிலிருந்து வால் நுனி வரை 25 முதல் 30 செ.மீ. இருக்கும். ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அலகு சிவப்பாக இல்லாமல் கருத்திருந்தால் அது சமீபத்தில் கூட்டைவிட்டு வந்த குஞ்சு.

அடையாளத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் பகுதிக்கே சொந்தமான சின்ன லோரிகீட் ஒன்று இருக்கிறது, பர்ப்பிள்-கிரவுண்ட் என்பார்கள். 15, 16 செ.மீ.தான் இருக்கும். உடம்பு பெரும்பாலும் பச்சை, உச்சந்தலையில் கருஊதா. இதுவும் மரிப் பூவுக்கு வரும். இது பாதுகாக்கப்பட்ட பறவை, இதன் மேல் கை வைக்கக்கூடாது. அதேபோல, கருந்தலையும் கழுத்தில் மஞ்சள் வளையமுமாக வருகிற 'ட்வென்டி எய்ட்' கிளியும் அந்த மண்ணின் பறவைதான். பழத்தில் ஊசியால் குத்தியதுபோல் சின்ன ஓட்டை மட்டும் இருந்தால் அது கிளி வேலையே இல்லை. நம் ஊர் வெள்ளைக்கண்ணிக்கு உறவான சில்வர்ஐ குருவி கொத்திய பழமாக இருக்கும். ஆகவே யார் தின்றது என்பதை விடியற்காலையில் நீங்களே போய் நின்று பார்த்துவிடுங்கள்.

இனி, உங்கள் பழத்தை அது ஏன் அப்படிச் சப்பிப் போடுகிறது என்பது. நம் ஊர்ப் பச்சைக்கிளி சோளக்கதிரை உடைத்துத் தின்னும். லோரிகீட்டுக்கு அந்த வேலை சரிப்படாது. அதன் நாக்கின் நுனியில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் உண்டு, பெயிண்ட் பிரஷ் மாதிரி. நாக்கை நீட்டும்போது அவை விரிந்து, பூவிலிருந்து தேனையும் மகரந்தத்தையும் ஒற்றி எடுத்துவிடும். பலர் தேனை மட்டுமே நினைக்கிறார்கள். புரதத்துக்கு அது மகரந்தத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. காய்ந்த தானியத்தை அரைக்கும் பலம் அதன் இரைப்பைக்குக் குறைவு. யூகலிப்டஸ் வகை மரங்கள், பாங்க்சியா, பாட்டில்பிரஷ் இவைதான் அதன் இயல்பான மேய்ச்சல். மெல்லிய தோலும் நிறையச் சாறும் உள்ள பழம் கிடைத்தால் அதற்கு இன்னொரு பூ கிடைத்த மாதிரி. திராட்சையும் அத்தியும் அந்த வகை. பச்சைக்காயில் இனிப்பில்லை, அதனால் அப்போது சீந்தாது. சர்க்கரை ஏற ஆரம்பித்ததும் வந்து நிற்கும்.

வேதனை என்னவென்றால், அது தின்கிற அளவைவிடக் கெடுக்கிற அளவு அதிகம். ஒரு குலையில் நான்கு பழத்தைக் கடித்துப் போட்டால் சாறு வழிந்து, குளவியும் பழ ஈயும் வந்து, குலையே அழுகும். அத்தியில் இன்னும் மோசம். பெர்த் வட்டாரத்தில் மத்தியதரைக்கடல் பழ ஈ ஏற்கெனவே உண்டு. கடிபட்டு விழுந்த பழத்தை மரத்தடியில் விடாமல் பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் சில நாள் வைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

இந்தக் கிளி ஆஸ்திரேலியப் பறவைதான், ஆனால் கிழக்குக் கடற்கரைக்காரன். பெர்த்தில் 1960-களில் பத்துக்கும் குறைவான பறவைகள் கூண்டிலிருந்து வெளியே வந்தன, அவற்றிலிருந்து பெருகியதுதான் இன்றைய பல்லாயிரம். ஊரெல்லாம் நட்ட கிழக்கத்திய யூகலிப்டஸ் மரங்கள் வருடம் முழுக்கப் பூ கொடுத்ததும் அதற்கு வசதியாகப் போயிற்று. அதனால்தான் குயின்ஸ்லாந்திலும் சிட்னியிலும் சட்டப் பாதுகாப்பு உள்ள அதே பறவை, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் அறிவிக்கப்பட்ட பீடைப் பறவை. கிழக்கில் இருக்கும் உங்கள் நண்பர்கள் சொல்லும் யோசனையும் சட்டமும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மாநில விவசாயத் துறையிடம் கேட்டுக்கொள்வதுதான் சரி. துப்பாக்கியால் சுடுவது பற்றி எழுதியிருந்தீர்கள். சுற்றி வீடுகள் இருக்கும் இரண்டு ஏக்கரில் அதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, பொந்துக்கு வருவோம். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை இனப்பெருக்கக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரப்பொந்தில் பொதுவாக இரண்டு முட்டை, சில சமயம் ஒன்றோ மூன்றோ. பெண் பறவை மட்டும் சுமார் மூன்றரை வாரம் அடைகாக்கும். குஞ்சுக்கு இரண்டும் ஊட்டும். பொரித்து ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அக்டோபரில் பொரித்தது டிசம்பரில் பறக்கும், உங்கள் பழம் ஜனவரியில் நிறம் மாறும். கூட்டம் அந்த மாதத்தில் பெருத்துத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

ஆனால் உங்கள் குலைகளைக் காலி செய்வது பொந்தில் இருக்கும் அந்த ஜோடி மட்டுமல்ல. இவை மாலையில் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், ஊருக்குள் உயர்ந்த மரங்களில் கூச்சலோடு ஒன்றாக அடையும். விடிந்ததும் கும்பல் கும்பலாகப் பிரிந்து மேய்ச்சலுக்குக் கிளம்பும். ஒரு பொந்தை அடைத்தால் அந்தக் கும்பலில் இரண்டு குறையலாம், பழம் மிஞ்சாது. மேலும் பொந்து கிடைப்பது அங்கே அரிது. அதற்காக லோரிகீட் மற்ற பறவைகளோடு தலையை ஆட்டி, சீறி, கடித்துச் சண்டை போடும். ட்வென்டி எய்ட், கார்னபி கருங்காக்கட்டூ போன்ற மண்ணின் பறவைகளும் பொந்தை நம்பித்தான் இருக்கின்றன. நீங்கள் அடைத்தால் அவற்றுக்கும் சேர்த்து அடைத்ததாகும். மரியை வெட்டும் எண்ணமும் வேண்டாம். மரி நன்றாகப் பூக்கிற வருடத்தில் தேன் தேடும் பறவைகள் திராட்சைக் கொடிக்கு வருவது குறையும் என்பது அந்தப் பகுதி வைன் தோட்டக்காரர்களுக்குப் பழகிய விஷயம்.

சர்க்கரைத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். மனைவி வருத்தப்படுவார், தெரியும். ஆனால் ஒரு பக்கம் தீனி வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் விரட்டுவது நடக்காது. அதோடு சர்க்கரை, தேன், ரொட்டி எதுவும் அதற்கு முழு உணவாகாது. தட்டில் பல பறவைகள் கூடும்போது, இறகு உதிர்ந்து அலகு சிதையும் வைரஸ் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். காட்டுக் குஞ்சை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதற்கும் இதையே சொல்வேன், அதிலும் ஏற்கெனவே கூண்டில் கிளி வளர்ப்பவராக இருந்தால். வளர்ப்பு லோரிகீட்டின் எச்சம் தண்ணீராகப் பீய்ச்சும், சுவர் முழுக்க ஒட்டும். பிள்ளைகளுக்கு இந்த ஒரு தகவல் போதும்.

மினுமினுக்கும் ரிப்பன், கழுகு உருவம், வெடிச் சத்தம் எல்லாம் சில நாள் வேலை செய்யும், அப்புறம் அதன் மேலேயே வந்து உட்காரும். வெடிக்கு அக்கம்பக்கத்தார் வேறு புகார் கொடுப்பார்கள்.

நம்பிச் செலவு செய்ய வேண்டியது வலைக்குத்தான். இரண்டு ஏக்கருக்கு நிரந்தரக் கூரை வலை கட்டுபடியாகாது என்றால், வரிசை வரிசையாகப் போர்த்தும் வலை போதும். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் போட்டுவிடுங்கள். ஒருமுறை ருசி கண்ட பிறகு போட்டால் ஓட்டை தேடிக்கொண்டே இருக்கும். நைலான் நரம்பு வலை வேண்டாம், பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். கண் சிறியதாக, பின்னிய, வெள்ளை நிற வலையாகப் பாருங்கள். அதை இறுக்கி இழுத்து, கொடிக்கு அடியில் இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கிளிப் போட வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் வெளியிலிருந்தே குலையைக் கடிக்கும். அத்தி மரத்தைக் கவாத்து செய்து உயரத்தைக் குறைத்தால் அதற்கும் வலை போர்த்துவது சுலபம். கடைக்குப் போகும் முன் வரிசையின் நீளம், இலை விரிந்த நிலையில் கொடியின் உயரம், அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.