பஸ் விபத்து நட்டஈடு: மேன்முறையீட்டில் தொகை குறையுமா?

கேள்வி: நான் நிலாவெளியில் வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவள். தனியார் பஸ் ஒன்றில் பயணம் செய்தபோது, நான் இறங்கி முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டதால் விழுந்து வலது கை முறிந்தது. திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் 18 இலட்சம் ரூபாய் நட்டஈடு வழங்கியது: மருத்துவச் செலவுக்கு 3, வருமான இழப்புக்கு 9, வலி வேதனைக்கு 6 இலட்சம். இப்போது பஸ் உரிமையாளர் தரப்பினர், 10 இலட்சத்தை வாங்கிக்கொண்டு முடிக்குமாறும், மறுத்தால் மேன்முறையீடு செய்து எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்கிவிடுவதாகவும் கூறுகின்றனர். அவ்வாறு செய்ய முடியுமா?

பதில்: முடியாது என்று சொல்லிவிட இயலாது, ஆனால் அவர்கள் சொல்வதுபோல அது எளிதானதும் அல்ல.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு, 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கே செல்கிறது. அங்கு உங்கள் கையின் பெறுமதி புதிதாக மதிப்பிடப்படுவதில்லை. சுரங்க விபத்தில் இறந்தோரின் குடும்பத்தினர் தொடுத்த வழக்கொன்றில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1942இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: முதல் நீதிபதி சட்டக் கோட்பாட்டில் தவறியிருந்தாலோ, தொகை முழுத் தவறான மதிப்பீடு என்று சொல்லுமளவுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ இருந்தாலோ மட்டுமே மேல் மன்றம் தலையிடும். தானாக இருந்தால் 15 இலட்சமே கொடுத்திருப்பேன் என்று ஒரு நீதிபதி எண்ணுவது மட்டும் போதாது.

எனவே உங்கள் வழக்கில் கவனிக்க வேண்டியது அந்த 9 இலட்சமே. வலி வேதனைக்கான தொகையைப் பற்றுச்சீட்டால் அளக்க முடியாது என்பதால் நீதிபதியின் மதிப்பீட்டுக்கு இடமுண்டு. வருமான இழப்புக்கோ கணக்கு வேண்டும். விபத்துக்கு முன் மாதம் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதற்கு வாடிக்கையாளரின் சாட்சியமோ கணக்குக் கொப்பியோ வழக்கேட்டில் உள்ளதா எனப் பாருங்கள். மேன்முறையீட்டில் புதிய சான்று சேர்ப்பது மிக அரிது.

முழுத் தொகையும் போன வழக்கு நம் நாட்டில் இல்லாமலில்லை. மகளின் மரணத்துக்காகத் தந்தை ஒருவர் மருத்துவர் மீது தொடுத்த வழக்கில், மாவட்ட நீதிமன்றம் வழங்கிய 50 இலட்சத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனயீனம் இருந்தும், அதுவே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. உங்கள் நிலைமை வேறு: விழுந்ததால் கை முறிந்தது என்பதில் சிக்கல் இருக்க நியாயமில்லை.

காலத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். தீர்ப்பு நாள், ஞாயிறு, பொது விடுமுறைகள் நீங்கலாக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்பிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவும் தாக்கலாக வேண்டும். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு நீங்கள் விண்ணப்பிக்கலாம். அதை நிறுத்திவைக்க விரும்பினால், தமக்குக் கணிசமான இழப்பு நேரும் என்று காட்டிப் பிணை வைக்க வேண்டியவர்கள் அவர்களே. தொகை போதாது என நீங்களும் கருதினால், தனியாக மேன்முறையீடு செய்யாமலே, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 772ஆம் பிரிவின்படி ஏழு நாள் எழுத்துமூல முன்னறிவித்தல் கொடுத்து ஆட்சேபிக்கலாம். இதைப் பலர் அறிவதில்லை. மேன்முறையீடு செய்பவருக்கும் இதில் ஆபத்துண்டு என்பதை அவர்களின் சட்டத்தரணி அறிந்திருப்பார்.

சமரசம் தவறல்ல, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிடச் சற்றுக் குறைந்த தொகை உடனே கையில் வருவது சிலருக்கு நல்லது. ஆனால் 10 இலட்சம் மிகக் குறைவு என்பதே என் கருத்து. எந்தத் தொகைக்கு இணங்கினாலும், வெற்றுத் தாளில் கையெழுத்திடாமல், உங்கள் சட்டத்தரணி மூலம் உடன்பாட்டை நீதிமன்றத்தில் பதிவு செய்வியுங்கள்.