ரிமோட் டிரிஃப்ட் கார் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? முதலில் கைரோவைப் பாருங்கள்

அண்ணாச்சி, உங்கள் பின்சக்கர டிரைவ் 1/10 டிரிஃப்ட் கார் (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டும் ரிமோட் கார்), பாளையங்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் த்ராட்டிலைத் தொட்டதுமே பம்பரமாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டாரை மாற்ற அவசரப்படாதீர்கள், எனக்கென்னவோ கைரோ (கார் திரும்புவதை உணர்ந்து முன்சக்கரத்தைத் தானே எதிர்ப்பக்கம் திருப்பும் சின்னப் பெட்டி) தலைகீழ்த் திசையில் வேலை செய்கிறது என்றுதான் படுகிறது. காரை ஆன் செய்து கையில் தூக்கி மூக்கை வெடுக்கென்று வலப்பக்கம் திருப்புங்கள். முன்சக்கரங்கள் இடப்பக்கம் ஒடிய வேண்டும். அதுவும் வலப்பக்கமே போனால் கைரோவில் உள்ள ரிவர்ஸை மாற்றுங்கள், ரிமோட்டில் உள்ள ஸ்டீரிங் ரிவர்ஸை அல்ல (நான் அதைத் தொட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க முழித்தேன்). அப்புறம் நேராக ஓட்டும்போது முன்சக்கரம் வெடவெடவென்று ஆடும் வரை கெயினை (கைரோ எவ்வளவு பலமாகத் திருப்ப வேண்டும் என்ற அளவு) ஏற்றி, ஆட்டம் நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் இறக்குங்கள்.

பின் டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) பூட்டியிருக்கிறதா? ஒரு பின்சக்கரத்தைச் சுழற்றினால் மற்றதும் அதே திசையில் சுழல வேண்டும்.

மொட்டை மாடி மட்டும் வேண்டாம். தட்டோட்டு இடுக்குகளில் கெட்டி பிளாஸ்டிக் டயர் தட்டித் தட்டித்தான் போகும், ஆனி ஆடிக் காற்று கொண்டுவந்து கொட்டும் மண் வேறு. வீட்டில் பழைய சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் நன்றாகக் கூட்டிவிட்டு அங்கே ஓட்டுங்கள், பேட்டரி தீரும் வரை ஒரே வட்டம், ஒரே பக்கம். காரோடு ரப்பர் டயர் வந்திருந்தால் முதலில் அதைக் கழற்றிக் கெட்டி பிளாஸ்டிக் டயரைப் போடுங்கள், ரப்பர் லேசில் சறுக்காது.